தனியார் பழங்காட்டில் வைல்டு சர்வீஸ் மரமா? உரிமையாளரிடம் எப்படிப் பேசுவது?

கென்ட்வாசி:
வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நான் நாள்தோறும் நடக்கும் பொதுப்பாதை, தனியாருக்குச் சொந்தமான ஒரு பழங்காட்டின், அதாவது பழமையான காட்டின், ஊடே செல்கிறது. அங்கே ஓக் மரங்களுக்கு நடுவே மேப்பிளைப் போன்ற இலைகளுடன் ஒரு மரம் நிற்கிறது. அக்டோபரில் இலைகள் செம்பு நிறமாகிவிட்டன. உதிர்ந்து கிடக்கும் பழங்கள் சுண்டைக்காய் அளவில், பழுப்பாக, வெளிர்ப்புள்ளிகளுடன் இருக்கின்றன. குளிர்காலத்தில் சில மரங்களை வெட்டப்போவதாகக் கேள்விப்பட்டதிலிருந்து மனம் பதைக்கிறது. இது எந்த மரம், இதைக் காக்க வழியுண்டா?

இலைநோக்கி:
பழத்தைப் பற்றி நீங்கள் எழுதியதே போதும், வைல்டு சர்வீஸ்தான். மேப்பிளாக இருந்தால் இறக்கையுள்ள விதைகள் கிடக்கும். மேலும் மேப்பிளில் இலைகள் எதிரெதிராக இணைந்து நிற்கும்; இதில் மாறி மாறி அமையும். 1600ஆம் ஆண்டிலிருந்தே தொடர்ந்து காடாக இருந்துவரும் நிலத்தைத்தான் இங்கிலாந்தில் பழங்காடு என்கிறார்கள். அத்தகைய காட்டுக்கு அடையாளமாகக் கருதப்படும் மரங்களுள் இதுவும் ஒன்று. 'செக்கர்ஸ்' எனப்படும் இதன் பழத்தை, உறைபனி பட்டு அழுகுமளவு கனிந்த பிறகே உண்பார்கள். அப்போது அது பேரீச்சம்பழத்தைப் போல இனிக்கும்.

காட்டுப்பணியாளர்:
தாமதிக்காமல் உரிமையாளரை நேரில் பாருங்கள். மேப்பிள் என்று நினைத்து வெட்டிவிடும் வாய்ப்பே இங்கு பெரிய ஆபத்து. வனத்துறையின் வெட்டு உரிமம் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். பொதுவாக மூன்று மாதத்துக்கு 5 கன மீட்டர் வரை உரிமமின்றியே வெட்ட முடியும் என்பதால், ஒற்றை மரம் எளிதில் போய்விடும். உள்ளூர் மன்றத்திடம் மரப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்தான். ஆனால் உரிமையாளரிடம் பேசுவதற்கு முன்பே அதைக் கேட்டால் அவர் மனம் கசந்துவிடும். காட்டைப் பேணப்போகிறவர் அவர்தானே.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். இம்மரம் விதையிலிருந்து முளைப்பது அரிது. பெரும்பாலும் வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளாலேயே பெருகுகிறது. தாய்மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் நிற்கும் அக்கன்றுகளைப் புதரென்று எண்ணி வெட்டிவிடக்கூடாது. மான்கள் கடிக்காதபடி வேலியிட்டால் நல்லது. அவற்றுக்கு வெயில் படும்படி பக்கத்து மரங்கள் சிலவற்றைக் கழிப்பதும் உதவும்.

கென்ட்வாசி:
மிக்க நன்றி. இன்று காலை மீண்டும் சென்று பார்த்தேன். முட்செடிகளுக்கிடையே அதே இலையுடன் ஏழு கன்றுகள் இருந்தன. பழம் ஒன்றையும் இலை ஒன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அவர் வீட்டுக்குச் செல்கிறேன்.