ஜெபக்குழுவில் ஒருவரே ஜெபிக்கிறார், மற்றவர்கள் ‘ஆமென்’ மட்டும்தான்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் 7 மணிக்கு ஜெபக்குழு நடத்துகிறேன். எனக்கு இதுதான் முதல் தடவை. தொடங்கி 6 வாரம் ஆகிறது. முதல் வாரம் 11 பேர் வந்தார்கள், போன வாரம் 5 பேர்.

மூத்த மாமா ஒருவர் ஜெபிக்க ஆரம்பித்தால் 25 நிமிஷம் போகும். நல்ல மனுஷர், நாற்காலிகளே அவர் வீட்டிலிருந்துதான் வருகின்றன. ஆனால் அவர் முடிப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். பிறகு யாரும் வாயைத் திறப்பதில்லை.

வேதாகமத்தில் 121ஆம் சங்கீதத்தின் 8 வசனங்களையும் ஆளுக்கொன்றாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்கள், ஜெபம் என்றதும் மறுபடி மௌனம். விண்ணப்பங்களைச் சீட்டில் எழுதச் சொன்னேன். மாமா எல்லாச் சீட்டையும் வாங்கி அவரே ஜெபித்துவிட்டார்! “ஆளுக்கு இரண்டு வரி போதும்” என்று பொதுவாகச் சொன்னேன், அது தனக்குத்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. சபை ஐயரிடம் (எங்கள் போதகரிடம்) கேட்டால் “பொறுமையா இருங்க தம்பி” என்கிறார்.

எனக்கு வயது 29. அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

மாமா மனம் நோகாமல், மற்றவர்களும் வாய்விட்டு ஜெபிக்கிற மாதிரி அந்த ஒரு மணி நேரத்தை எப்படி நடத்துவது?