படபடப்பு வந்தால் 108-ஐ அழைப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

கெடிலக்கரை, கடலூர்:
66 வயதான என் அப்பாவுக்குச் சில மாதங்களாகத் திடீர் திடீரென்று படபடப்பு வருகிறது. அப்போது மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடுகிறது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடுவதால் ஈசிஜியில் எதுவும் தெரிவதில்லை. நாங்கள் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். இரவில் வந்தால் 108-ஐ அழைக்க வேண்டுமா, வாடகைக் காரில் நேராகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா? நெஞ்சுவலிக்குத் தரும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கச் சொல்கிறார் உறவினர் ஒருவர். வேகமாக இருமினால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் சுற்றுகிறது.

அரியாங்குப்பம் செவிலியர்:
நாடியின் வேகத்தைவிட அப்பாவின் நிலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றி விழுதல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். தட்டிக் கூப்பிட்டும் அவர் விழிக்காமல், மூச்சும் இயல்பாக இல்லாமல் இருந்தால், அழைத்த கையோடு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தத் தொடங்க வேண்டும். விட்டு விட்டு வரும் கேவலை மூச்சென்று எண்ணிப் பலர் காத்திருந்துவிடுகிறார்கள், அது மூச்சன்று. சார்பிட்ரேட் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து என்பதால், படபடப்பில் ஏற்கெனவே அழுத்தம் இறங்கியிருப்பவரை அது மயக்கத்தில் தள்ளிவிடக்கூடும்.

இதயநோய் மருத்துவர், புதுச்சேரி:
செவிலியர் சொன்ன வரிசையைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். நாடியே இல்லாதபோது, இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலையிலும் அவை மிதமிஞ்சிய வேகத்தில் துடிக்கும் நிலையிலும் மட்டுமே மின்னதிர்ச்சி பயன்படும். திரைப்படங்களில் ஈசிஜித் திரையில் நேர்கோட்டைக் கண்டதும் அதிர்ச்சி கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்; உண்மையில் அங்கே மாற்றியமைக்க எந்தத் துடிப்பும் இல்லை, மார்பை அழுத்துவதும் அட்ரினலின் ஊசியும்தான் வழி. நாடி இருந்து, வேகத்தால் இரத்த அழுத்தம் சரிந்திருந்தால், இதயத்தின் துடிப்போடு இசைவித்த மின்னதிர்ச்சி கொடுப்போம். துடிப்பு மிகவும் மந்தமாகி அழுத்தமும் இறங்கியிருந்தால் துடிப்பை விரைவுபடுத்தும் அட்ரோபின் ஊசி, அது போதாவிட்டால் இதயத்தைத் துடிக்கவைக்கும் தற்காலிக பேஸ்மேக்கர் கருவி.

உங்கள் அப்பா சொல்லும் வகையில் வந்து போவது, மேலறைகளைச் சார்ந்த வேகத்துடிப்பாக இருக்க வாய்ப்புண்டு; ஆனால் ஈசிஜி இல்லாமல் பெயர் சூட்ட மாட்டேன். மேலறை நடுக்கமாக இருந்தால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் அபாயமும் உண்டு. ஆகவே படபடப்பு இருக்கும்போதே ஒரு ஈசிஜி எடுத்துவிடுவதுதான் இப்போது மிகவும் தேவை. அதற்கு ஜிப்மர் வரை போகாமல், அருகிலுள்ள அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள்.

அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தால், சாய்ந்து உட்கார்ந்தபடி 15 விநாடிகள் மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, உடனே படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடிப்பது சில வகைகளை நிறுத்தும். இதை முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். கழுத்து நாளத்தைத் தேய்ப்பதை வீட்டில் முயலவே கூடாது. இருமச் சொல்லும் அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் பணியாளர், பாகூர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மயங்கியவரைக் காரின் பின்இருக்கையில் மடக்கிக் கிடத்திக்கொண்டு 20 கி.மீ.க்கும் மேல் போகும்போது, வழியில் நாடி நின்றால் மார்பைச் சரியாக அழுத்த இடமிருக்காது. கையில் அதிர்ச்சிக் கருவியும் இருக்காது. 108-இல் பேசும்போது தெருப்பெயரோடு, இரவில் கண்ணில் படும் ஓர் அடையாளத்தையும் சொல்லி, ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பழைய ஈசிஜித் தாள்களையும் ஒரே உறையில் வைத்திருங்கள். ஆஸ்துமா இருந்தால் அதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். படபடப்பை நிறுத்த நரம்பில் போடும் அடினோசின் மருந்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும்.