எம்ஓடி ஃபெயில்: வெல்டிங் செய்யலாமா, காரை விட்டுவிடலாமா?

வணக்கம். இங்கிலாந்தில் கவெண்ட்ரியில் இருக்கிறேன். 2010-இல் பதிவான என் பெட்ரோல் கார் நேற்று எம்ஓடி டெஸ்ட்டில் (கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் சோதனை) ஃபெயில் ஆகிவிட்டது. கதவுக்கு அடியில், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. வெல்டிங்குக்கு அந்த கராஜில் 680 பவுண்டு கேட்கிறார்கள். விற்றால் காருக்கே 1,200 தேறினால் பெரிது.

ஆனால் இன்ஜின் அருமையாக ஓடுகிறது, 74,000 மைல்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது எனக்கு பஸ்ஸும் கிடையாது. போன வருட டெஸ்ட்டிலேயே ‘அட்வைசரி’ (ஃபெயில் இல்லை, ஆனால் கவனிக்க வேண்டியது) என்று இந்தத் துருவை எழுதியிருந்தார்கள். அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பழைய எம்ஓடி முடிய இன்னும் 16 நாள் இருக்கிறது. டெஸ்ட் ஷீட்டில் ‘மேஜர்’ (பெரிய குறை) மட்டும்தான், அதைவிட மோசமான ‘டேஞ்சரஸ்’ (ஆபத்தான குறை) எதுவும் இல்லை. அதனால் எடுத்துப் போகலாம் என்றார்கள். ஆனாலும் ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 3 தண்டனைப் பாயிண்ட் என்பதால் வேறு கராஜில் விலை கேட்கக் கொண்டுபோகவே பயமாக இருக்கிறது.

இப்படி வெல்டிங் செய்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை வருடம் தாங்கியது? இந்தப் பக்கம் நேரில் வந்து பார்த்து விலை சொல்லும் வெல்டர் யாராவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் கராஜுக்குப் பதில் சொல்ல வேண்டும்.