மோட்டார் சைக்கிள் கராஜுக்கு முகநூல் விளம்பரம், காசு கொடுத்துச் செய்யலாமா?

பரந்தன் கராஜ்:
வணக்கம். பரந்தன் சந்திக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உதிரிப்பாகமும் விற்கிறேன். கடைக்கு முகநூல் பக்கம் இருக்கிறது. பொங்கல், புதுவருடம், தீபாவளிக்கு வாழ்த்துப் படம் போட்டால் லைக் நன்றாக விழும். ஆனால் கொமன்ற் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கனடா, சுவிஸ், லண்டன். கடைக்கு வேலை வருவதோ தருமபுரம், பூநகரி, கண்டாவளைப் பக்கம் இருந்து. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்ததில் இருந்து புது வண்டி விளம்பரம்தான் எங்கும் கண்ணில் படுகிறது. இப்போது ஒருவர், மாதக் காசு தந்தால் நாளுக்கொரு போஸ்ரர் செய்து பூஸ்ற்றும் (முகநூலுக்குக் காசு கட்டிப் பதிவைக் கூடப்பேருக்குக் காட்டுவது) போட்டுத் தருவதாகச் சொல்கிறார். சின்னக் கடைக்கு இது சரிவருமா? தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா டிசைன்:
பூஸ்ற் போடுவதில் பிழையில்லை, எந்த இடத்துக்குப் போடுகிறீர்கள் என்பதுதான் விஷயம். வெறுமனே 'இலங்கை' என்று கொடுத்தால் காசு கொழும்புப் பக்கம் போய்விடும். வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தைக் குறித்து, சுற்றிவர எத்தனை கிலோமீற்றர் என்று வைக்கலாம். யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் பக்கத்தின் முழு அதிகாரமும் உங்கள் கையில் இருக்கட்டும். அவருக்கு விளம்பரம் போடும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

புதுக்குடியிருப்பு அக்கா:
தம்பி, நாங்களும் இதே தொழில்தான். இவர் வண்டி பார்ப்பார், போனும் முகநூல் பக்கமும் என் பொறுப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாளுக்கொரு போஸ்ரருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வாழ்த்துப் படத்தைப் பார்த்துவிட்டு யாரும் வண்டியை உருட்டிக்கொண்டு வருவதில்லை. சனம் பார்க்க விரும்புவது வேலையை. விசுவமடு உள்வீதியில், கிரவல் ரோட்டில் ஓடின வண்டியின் எயார் பில்டரைக் கழற்றி வெள்ளைக் கடதாசிக்கு மேல் தட்டிப் பாருங்கள். சிவப்புப் புழுதி கொட்டும். பக்கத்தில் புது பில்டரை வையுங்கள். 'பெற்றோல் கூடக் குடிக்குது, இழுவை இல்லை' என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த இடத்திலேயே விஷயம் விளங்கிவிடும். இவர் தட்டினதை நான் போனில் எடுத்துப் போட்டேன். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, தட்டுகிற சத்தம் மட்டும். முள்ளியவளையில் இருந்துகூட அந்த வீடியோவைக் காட்டி, 'எனக்கும் இதைப் பாருங்கோ' என்று வந்தார்கள்.

பெரிய கம்பனிகள் நல்லாகச் செய்ததும் இப்படித்தான். 2013இல் வோல்வோ லொறிக்காரர் யூரியூப்பில் ஒரு விளம்பரம் விட்டார்கள். இரண்டு லொறி பக்கத்தில் பக்கத்தில் பின்னோக்கி ஓட, இரண்டின் பக்கக் கண்ணாடிகளிலும் காலை வைத்து நடிகர் வான் டாம் நிற்பார். லொறிகள் மெல்ல விலக விலக அவருடைய கால் விரியும். ஸ்ரியரிங் எவ்வளவு துல்லியம் என்று காட்டவே அது. வேறு ஒன்றும் சொல்லவில்லை, கோடிக்கணக்கான ஆட்கள் பார்த்தார்கள். ஒரு வீடியோவில் ஒரு விஷயம் போதும்.

அப்புறம், விலையைப் போடுங்கள். 'இன்பொக்சுக்கு வாங்க' என்று எழுதினால் பாதிப்பேர் அதோடு விட்டுவிடுவார்கள். சாமான் விலை தனியாக, கூலி தனியாக, பக்கத்தில் திகதி. விலை ஏறினால் பழைய பதிவைத் திருத்திவிட வேண்டும்.

போடுகிற காலமும் முக்கியம். புரட்டாதியில் காலபோக (மாரிகால நெல்) விதைப்புக்கு ஆயத்தமாகும்போது லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்), பெரிய உழவு மெசின் சாமான் தேடுவார்கள். கார்த்திகை மழைக்கு பிரேக்கும் செயினும். மாசி, பங்குனியில் வெட்டு முடிந்து நெல்லுக் காசு கைக்கு வந்தபிறகுதான் ரயர், பற்றரி, இஞ்சின் வேலை. பூஸ்ற்றுக்கு வைத்திருக்கும் காசை அந்த மாதங்களில் போடுங்கள், மற்ற நாளில் சும்மா பதிவு போதும்.

வெளிநாட்டுக் கொமன்ற்றை மட்டும் குறைவாக நினைக்காதீர்கள். மருமகனுக்கு ஓட்டோ எடுத்துக் கொடுத்தவர் கனடாவில் இருப்பார், திருத்தக் காசு அனுப்புகிறவரும் அவர்தான். கழற்றின பழைய சாமான், பூட்டின புதுச் சாமான், பில், மூன்றையும் படம் எடுத்து அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை 'அந்தக் கடைக்கே கொண்டு போ' என்று சொல்வது அவர்தான்.

கடைசியாக ஒன்று. வண்டிச் சொந்தக்காரரைக் கேட்காமல் படம் போடாதீர்கள், நம்பர் பிளேற்றை மறையுங்கள். எங்கள் ஊர்களில் வண்டியைப் பார்த்தே ஆளைச் சொல்வார்கள். லீசிங் கட்டுக்காசு பிந்தி மனம் நொந்திருப்பவரின் வண்டியாகவும் அது இருக்கலாம்.

முறிகண்டி ஓட்டோ:
அக்கா சொன்னது எல்லாம் சரி. கூகுள் மப்பிலும் கடையைப் போடுங்கள் அண்ணை. ஏ9 பெருவீதியில் வண்டி பழுதாகி நின்றவர் முகநூலில் தேடிக்கொண்டிருக்க மாட்டார், மப்பில் 'கராஜ்' என்று அடித்து முதலில் வரும் நம்பருக்கு அழைப்பார். பிள்ளையாரடியில் நிற்கிற என்னிடமே எத்தனை பேர் வந்து கேட்கிறார்கள். தெற்கில் இருந்து வருகிறவர்களுக்காக கடைப் பெயரைச் சிங்களத்திலும் போட்டால் நல்லது. ஞாயிறு பூட்டு என்றால் அதையும் எழுதுங்கள்.

பரந்தன் கராஜ்:
மிக்க நன்றி. போஸ்ரர் ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அக்கா, வேலை நேரத்தில் கை முழுக்க ஓயில். மெசேஜுக்குப் பதில் போடுவது எப்படி?

புதுக்குடியிருப்பு அக்கா:
வட்ஸ்அப் பிஸ்னஸை இறக்குங்கள், இலவசம்தான். சாமான் படமும் விலையும் அதிலேயே அடுக்கி வைக்கலாம். 'வேலையில் நிற்கிறோம், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பதில் தருவோம், அவசரம் என்றால் அழையுங்கள்' என்று தானாகப் போகும் செய்தி ஒன்று வைத்துவிடுங்கள். ஐந்து என்று போட்டால் ஐந்துக்குப் போனை எடுக்க வேண்டும் தம்பி, வண்டி நின்ற ஆள் பார்த்துக்கொண்டிருப்பார். வீடியோ எடுக்கிறதைக் கடையில் வேலை பழகுகிற பெடியனிடம் கொடுங்கள். போனைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.