மகன் மூளையில் நீர்க்கட்டி: கபடி ஆட விடலாமா?

மகனுக்கு 14 வயது, மதுரைப் பக்கம். ஜூன் மாதம் சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, அடிக்குச் சம்பந்தமே இல்லாமல் இடது பொட்டுப் பக்கம் அரக்னாய்டு நீர்க்கட்டி (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் நீர் தேங்கிய பை) தெரிந்தது. அப்புறம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில்: சுமார் 3 செ.மீ., மூளையை அழுத்தவில்லை, ரத்தக்கசிவு இல்லை.

தலைவலி, வாந்தி, வலிப்பு எதுவும் அவனுக்குக் கிடையாது. கண் மருத்துவரிடமும் காட்டினோம், பார்வை நரம்பில் வீக்கம் இல்லை.

நரம்பியல் அறுவை மருத்துவர்கள் இருவரைப் பார்த்தோம். பிறவியிலேயே வந்திருக்கும், புற்று இல்லை, அறுவை வேண்டாம் என்று இருவருமே சொன்னது பெரிய நிம்மதி. ஆனால் விளையாட்டு என்று வரும்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர், அறிகுறி இல்லாத பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம் என்கிறார். மற்றவர், இந்த இடத்துக் கட்டி இருந்தால் தலையில் அடிபடும்போது அரிதாக ரத்தம் கசியலாம், கபடியை விட்டுவிடுங்கள் என்கிறார். பள்ளி அணியில் உயிரைக் கொடுத்து ஆடியவன், இப்போது மைதானத்துப் பக்கமே போவதில்லை. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

பொட்டுப் பக்கம் இதே கட்டி உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: உங்கள் மருத்துவர் கபடி போல உடல் மோதும் ஆட்டத்தை அனுமதித்தாரா, என்ன நிபந்தனையோடு?