வெள்ளைக்கல் பூமித் தண்ணி: டிடிஎஸ் மீட்டர் சொல்லாதது

சேலத்துல வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிற செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் போர் போட்டதும் மீட்டரை முக்கிப் பார்த்து, "700தான் காட்டுது, குடிக்கலாம்"னு முடிவு கட்டிடறாங்க. மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்புன்னு காட்டாது. வெள்ளைக்கல்லே மெக்னீசியம் கார்பனேட். மண்ணுக்குள்ள இறங்குற மழைத்தண்ணி கரியமில வாயுவை ஏத்திக்கிட்டுப் போய் அதைப் பைகார்பனேட்டாக் கரைச்சுடும். லேபில் கால்சியம், மெக்னீசியம் ரெண்டையும் தனித்தனியாக் கேட்டு வாங்குங்க. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500:2012 படி மெக்னீசியம் லிட்டருக்கு 30 மி.கி.; வேற தண்ணியே இல்லைன்னா 100 வரை. அந்த 100 மட்டுமே கால்சியம் கார்பனேட் கணக்குல சுமார் 410 மி.கி. கடினத்தன்மை கொடுத்துடும். மொத்தக் கடினத்தன்மைக்கே உச்சவரம்பு 600தான்.

* * *

லேபுக்குச் சாம்பிள் எப்படிப் பிடிக்கணும்னும் சேர்த்துச் சொல்லணும். மேல்தொட்டித் தண்ணியைப் பிடிச்சா அது தொட்டியோட ரிப்போர்ட். மோட்டாரை 15 நிமிஷம் ஓட விட்டு, அதே தண்ணியில் பாட்டிலை மூணு தடவை அலசி, காத்து நிக்காம விளிம்பு வரை நிரப்புங்க. இடம் விட்டா வாயு வெளியேறி பிஎச் ஏறிடும். இந்தப் பாறையில் குரோமைட்டும் (குரோமியத் தாது) உண்டு, அதனால குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்ட தனி பாட்டில். குரோமியத்துலயே விஷம் கூடின ஆறிணைதிறன் வகையைப் பார்க்கிறதா இருந்தா அந்த அமிலமே ஆகாது.

கடினத்தன்மையை அளக்கிற ஈடிடிஏ டைட்ரேஷன்ல 50 மி.லி. தண்ணி, அம்மோனியா பஃபர், நிறம் காட்டுற சாயமா சிட்டிகை எரியோகுரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பு மாறித் தெளிஞ்ச நீலம் வந்தா நிறுத்தணும். 0.01 மோலார் ஈடிடிஏ கரைசல்னா பியூரெட்ல இறங்கின மி.லி. பெருக்கல் 20, அதுதான் லிட்டருக்கு எத்தனை மி.கி. கடினத்தன்மைன்னு சொல்லும். இங்கத்துத் தண்ணி 15 மி.லி.யைத் தாண்டிடும். அப்போ 25 மி.லி. எடுத்து, வாலைவடிநீர் விட்டு 50 ஆக்கி, 40ஆல் பெருக்குங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிக்கலைன்னா பஃபரோட காரத்துல வீழ்படிவு விழுந்து கணக்கு குறைஞ்சு வரும்.

* * *

தண்ணி கெட்டதுக்கு வெள்ளைக்கல் வெட்டுற குழிதான் காரணம்னு சொல்வாங்க, ஆனா எல்லாத்தையும் குழி மேலயே போட முடியாதுங்க. வெட்டாமலே இந்தப் பாறை மெக்னீசியம் விடும். வெட்டினா புது முகம் திறக்குது, கழிவு மேட்டு வழியா மழை ஊறுது, அவ்வளவு வித்தியாசம். வெடிமருந்துல அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறதால நைட்ரேட்டையும் பாருங்க, வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. குளோரைடும் கூடவே ஏறினா முதல்ல செப்டிக் டேங்கைச் சந்தேகப்படுங்க.

குளோரைடு ஏறினா கடல்நீர் புகுந்துடுச்சுங்கிற கடலோரக் கணக்கை இங்க கொண்டு வராதீங்க. வறண்ட கடற்கரையில் குழித்தண்ணியை இறைச்சு நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினா, அடியில் உப்புநீர் சுமார் 40 அடி மேல வரும். சேலத்துல குளோரைடு ஏற கடல் காரணமில்லை.

* * *

காய்ச்சினா சரியாகுமான்னு கேட்பாங்க. கால்சியம் பாத்திரத்துல வெள்ளையாப் படியும், மெக்னீசியம் பெரும்பாலும் தண்ணியிலயே நிக்கும். சுண்ணாம்பு போட்டு மெக்னீசியத்தை அடியில படிய வைக்கணும்னா பிஎச் 11 கிட்ட ஏத்தணும், வீட்டு வேலையில்லை. ஆர்ஓ (சவ்வு வடிகட்டி) மெக்னீசியத்தைப் பிடிக்கும். ஆனா அதோட கழிவுத்தண்ணியை மழைநீர்க் குழியில் விட்டுடாதீங்க. பிரிச்ச மெக்னீசியம் பூரா அதுலதான் இருக்கு, மறுபடி உங்க போருக்கே வந்து சேரும்.