வெளிநாட்டுச் சாப்பாட்டுக்காகப் பெங்களூரு வரை போக வேண்டுமா?

பாலக்கோட்டார்:
விடுமுறை வந்தால் போதும், எங்கள் தெருப் பிள்ளைகள் காரை எடுத்துக்கொண்டு பெங்களூருவுக்குப் பறக்கிறார்கள். ஒரு வாரம் ஜப்பான், மறுவாரம் இத்தாலி. கிருஷ்ணகிரியில் சுங்கம், அத்திப்பள்ளியில் சுங்கம், பெட்ரோல்; போய்ச் சேர்ந்தால் நான்கு பேருக்கு நான்காயிரம் ரூபாய். விலை சரிந்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுகிற ஊர் இது. அதே தக்காளியை மசித்து மாவில் தடவி அறுநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். வயிறு எரிகிறது.

ஓசூர்க்காரி:
உங்கள் கோபம் நியாயம்தான் ஐயா. ஆனால் அதை மண்டியில் காட்டுங்கள், உணவகத்தின் மேல் ஏன் இறக்குகிறீர்கள்? கொரிய உணவகத்தில் உட்கார்ந்ததுமே சின்னக் கிண்ணங்களில் நான்கைந்து தொடுகறிகள் வந்துவிடும். தனி விலை கிடையாது, தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள். அது அவர்கள் நாட்டு வழக்கம். கிம்ச்சி என்பது என்ன? முட்டைக்கோசை உப்பில் ஊறவைத்து மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி பிசறிப் புளிக்கவிட்டது. என் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "நன்றாகப் புளித்திருக்கிறது" என்று இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார். பழைய சோறும் ஊறுகாயும் தின்று வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமில்லை.

பாலக்கோட்டார்:
அதைத் தின்று பழகிய பிள்ளைகள் வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டினால் முகம் சுளிக்கிறார்களே அம்மா, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

காவேரிப்பட்டணத்தான்:
அண்ணா, கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராகிப் பிறகு நம்மிடம் வந்ததுதான். இன்று தமிழ்நாட்டில் அதன் விளைச்சலில் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டும் முன்னணியில் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

என்னை எரிச்சலூட்டுவது வேறு. போன மாதம் ஓர் உணவகத்தில் கேட்காமலேயே பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் போட்டிருந்தார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். நம் ஊர்க்காரர்கள் கூச்சப்பட்டுக் கட்டிவிட்டு வருவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஓசூர்க்காரி:
நானும் எடுக்கச் சொல்லிவிடுவேன். ஆனால் பரிமாறுகிற பிள்ளைகள் ஊரை விட்டு எங்கிருந்தோ வந்து நாள் முழுதும் நிற்கிறார்கள். அவர்கள் கையில் தனியாகக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

பாலக்கோட்டார்:
கேழ்வரகு எங்கிருந்தும் வந்திருக்கட்டும் தம்பி. அதை மானாவாரியில் விதைத்து மழைக்காக வானம் பார்ப்பவன் இங்கேதான் இருக்கிறான். கிம்ச்சிக்கு இரண்டாவது கிண்ணம் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை அம்மா. உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் களி? அதைச் சொல்லுங்கள், மேலே பேசுவோம்.